லீவர் ‘பி’யில் நிற்கிறது, கார் நிற்கிறதா?



சென்ற இதழில் டயர்களின் காற்றழுத்தம் பற்றிப் பார்த்தோம். டயர் கண்ணுக்குத் தெரியும் பொருள். அதில் ஒரு குறை வந்தால் முற்றத்தில் நின்றே கண்டுகொள்ளலாம். இம்மாதம் நாம் பார்க்கப் போவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். ஓட்டோ கியர் கார் ஓட்டும் எம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதுதான் கியர் கேபிள்.

பிள்ளைகளைப் பாடசாலையில் விடவும், வேலைக்குச் செல்லவும், வயதான பெற்றோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் இன்று பெண்கள் பலர் தாமே கார் ஓட்டுகின்றனர். கிளச் மிதிக்கும் சிரமம் இல்லாததால் ஓட்டோ கியர் கார்களையே அவர்கள் விரும்புகின்றனர். எமது நாட்டு வீதிகளில் ஓடும் ஜப்பானியச் சிறிய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருந்த கார்களையே பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினோம். அப்படிப் பழையதான கார்களில் எஞ்சினுக்கு ஒயில் மாற்றியிருப்போம், பெட்டரி மாற்றியிருப்போம். கியர் கேபிளை யாராவது ஒரு தடவையேனும் பார்த்தார்களா என்று கேட்டால் அநேகமாக இல்லை என்றே பதில் வரும்.

கேபிள் செய்யும் வேலை

கியர் லீவரைப் பிடித்து ‘பி’ என்ற எழுத்துக்கு நேரே தள்ளுகிறோம். உடனே கார் பூட்டப்பட்டுவிட்டது என்று நம்பி இறங்கி விடுகிறோம். உண்மையில் எமது கை செய்தது லீவரை நகர்த்தியது மாத்திரமே. கியர் பொக்ஸ் இருப்பதோ முன்னால், எஞ்சினோடு சேர்ந்து. லீவரின் அசைவை அங்கு கொண்டு சேர்ப்பது இந்தக் கேபிள்தான்.

சைக்கிள் பிரேக்கின் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே ஓர் உறை, உள்ளே ஒரு கம்பி. கைப்பிடியை அழுத்தினால் கம்பி உறைக்குள் வழுக்கிச் சென்று பிரேக் கட்டையை இழுக்கும். 1896இல் ஏர்னஸ்ட் போவ்டன் என்பவர் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கியர் கேபிளும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒரு வேறுபாடு உண்டு. சைக்கிள் பிரேக்கின் கம்பி இழுக்க மட்டும் செய்யும். கியர் கேபிளின் கம்பி இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். ஆகவே அது சற்றுத் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும்.

கேபிளின் ஒரு முனை லீவரின் அடியிலும் மறுமுனை கியர் பொக்ஸின் வெளிப்புறத்திலுள்ள ஒரு சிறிய கையிலும் மாட்டப்பட்டிருக்கும். அந்தக் கை திரும்பும்போது உள்ளே உள்ள வால்வு நகர்ந்து, முன்னே செல்வதா பின்னே செல்வதா என்பதற்கேற்ப ஒயிலின் பாதையை மாற்றுகிறது. ‘பி’க்கு வரும்போது உருக்கினாலான ஒரு கொக்கி, சில்லுகளோடு இணைந்து சுழலும் பல்லுச்சக்கரத்தின் இரு பற்களுக்கு இடையில் போய் விழுகிறது. காரை அசையாமல் பிடித்திருப்பது அந்தக் கொக்கி. லீவருக்கு அருகில் எழுதியிருக்கும் ‘பி’ என்ற எழுத்து அல்ல.

இந்தக் கேபிள் நகரும் தூரம் மிகக் குறைவு. ஆதலால் ஒரு முனை சற்றுத் தளர்ந்தாலும் போதும், லீவர் ‘பி’யில் நிற்கும்போது கியர் பொக்ஸ் ‘ஆர்’ எனும் ரிவர்ஸிலோ இரண்டுக்கும் இடையிலோ நின்றுவிடலாம்.

ஒரு சிறு வளையமும் 29 இலட்சம் கார்களும்

கேபிளின் முனையில் பிளாஸ்டிக் அல்லது இறப்பரால் ஆன ஒரு சிறிய வளையம் இருக்கும். கராஜில் இதை ‘புஷ்’ என்பார்கள். இதுதான் கேபிளை அந்தச் சிறிய கையோடு பொருத்தி வைத்திருப்பது. விரல் நுனியளவுதான் இருக்கும். ஆனால் இதன் கதை பெரியது.

அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் 2018 ஜூலையில் ஃபியூஷன், எஸ்கேப் ரகக் கார்களில் சுமார் ஐந்தரை இலட்சத்தைத் திருத்துவதற்காக மீள அழைத்தது. பின்னர் 2022 ஜூனில் மேலும் பல ரகங்களையும் சேர்த்துச் சுமார் 29 இலட்சம் வாகனங்களை அழைத்தது. காரணம் இந்த வளையமே. அது சிதைந்து கேபிள் கழன்றால், சாரதி லீவரை ‘பி’க்குக் கொண்டுவரலாம், சாவியைக் கழற்றலாம், கதவைப் பூட்டலாம். ஆனால் கியர் பொக்ஸ் வேறொரு கியரிலேயே இருக்கும். சாரதிக்கு எந்த எச்சரிக்கை ஒலியும் கேட்காது. ஹேண்ட் பிரேக்கும் போடப்படாவிட்டால் கார் தானாக உருளத் தொடங்கும். புதிய வளையமும் அதன் மேல் ஒரு பாதுகாப்பு மூடியும் பொருத்துவதே நிறுவனம் அறிவித்த திருத்தம். அதுவரை ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஹேண்ட் பிரேக் போடுமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

வளையம் சிதைவதற்கு வெப்பமும் ஈரப்பதனும் துணைபோகின்றன. எஞ்சின் சூட்டுக்கு அருகிலேயே இவ்வளையம் இருக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் எமது காலநிலையில் பத்து, பதினைந்து வருடங்கள் ஓடிய ஒரு காரில் அதன் நிலை என்னவாக இருக்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மெனுவல் கார் பழக்கம் இங்கு உதவாது

எம் வீடுகளில் பெரியவர்கள், “ஹேண்ட் பிரேக் சரியில்லையென்றால் கியரில் போட்டு நிறுத்து” என்று சொல்வார்கள். மெனுவல் காருக்கு அது பொருந்தும். முதலாம் கியரிலோ ரிவர்ஸிலோ விட்டு எஞ்சினை நிறுத்தினால் எஞ்சினே சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கும்.

வழமையான ஓட்டோ கியரில் அப்படி நடப்பதில்லை. எஞ்சின் நின்றதும் கியர் பொக்ஸுக்குள் ஒயில் அழுத்தம் இல்லாமல் போய்விடுகிறது. அதன் பின் ‘டி’யில் இருந்தாலும் ‘ஆர்’இல் இருந்தாலும் ‘என்’இல் இருப்பது போலவே கார் தாராளமாக உருளும். ‘பி’யின் கொக்கி விழாவிட்டால் அங்கே காரைப் பிடித்து வைக்க வேறெதுவும் இல்லை, ஹேண்ட் பிரேக்கைத் தவிர.

கண்டி, ஹட்டன், பண்டாரவளை, பதுளை போன்ற இடங்களில் வாழும் சகோதரிகளுக்கு இதன் பாரதூரம் சொல்லாமலே புரியும். பல வீடுகளின் வாசலே ஒரு சரிவுதான். சமதரையிலும் மழைநீர் வடிவதற்காக முற்றத்தைச் சற்றுச் சாய்த்தே கட்டுகிறோம். கேட்டைத் திறக்கவென்று இறங்கும் அந்த ஒரு நிமிடத்தில் காருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? அநேகமாக எமது பிள்ளைகள்.

நோய் வருமுன் தெரியும் அறிகுறிகள்

சில வேளைகளில் கேபிள் திடீரென அறுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே சில அறிகுறிகளைக் காட்டும். “பழைய கார்தானே, அப்படித்தான்” என்று அவற்றைத் தள்ளிவிடக் கூடாது.

1. லீவருக்கு அருகிலுள்ள எழுத்தும் டேஷ் போர்டில் ஒளிரும் எழுத்தும் ஒன்றுக்கொன்று மாறுபடல். லீவர் பக்கத்து எழுத்து எமது கை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. டேஷ் போர்ட் எழுத்தோ, பெரும்பாலான கார்களில், கியர் பொக்ஸிலுள்ள சுவிட்ச் அனுப்பும் செய்தி. இரண்டும் மாறுபட்டால் இடையிலுள்ள கேபிளையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2. ‘பி’யில் வைத்துச் சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட் ஆகாமல், லீவரைச் சற்று ஆட்டினாலோ ‘என்’இல் வைத்தாலோ ஸ்டார்ட் ஆகுதல். ‘பி’, ‘என்’ இரண்டில் மாத்திரமே ஸ்டார்ட் ஆகும்படி கார் அமைக்கப்பட்டுள்ளது. கியர் பொக்ஸ் உண்மையில் ‘பி’க்குப் போய்ச் சேராவிட்டால் அது ஸ்டார்ட்டுக்கு இடம் தராது. பலர் இதைப் பெட்டரிக் கோளாறு என்று எண்ணிப் புதிய பெட்டரி வாங்கி விடுகின்றனர்.

3. லீவர் முன்பைவிட இறுக்கமாகுதல். உறைக்குள் தண்ணீரும் தூசியும் புகுந்து கம்பி துருப்பிடித்திருக்கலாம்.

4. லீவர் முன்பைவிட இலேசாகுதல். ஒவ்வொரு எழுத்திலும் உணரும் அந்த ‘டக்’ என்ற பிடிப்பு குறைதல். இது இறுக்கத்தைவிட ஆபத்தானது. வளையம் தேய்ந்து வருவதன் அடையாளமாக இருக்கலாம்.

5. ‘என்’இல் வைத்திருக்கும்போது கார் மெதுவாக முன்னோக்கியோ பின்னோக்கியோ நகர முயலுதல்.

6. ‘பி’யில் வைத்த பின்பும் கார் உருளுதல். இது அறிகுறி அல்ல, ஆபத்தே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காரை ஓட்டக் கூடாது.

லீவர் ‘பி’யிலிருந்து அசையவே மறுப்பது வேறு விடயம். கால் பிரேக்கை மிதித்தால்தான் லீவர் ‘பி’யிலிருந்து வெளியே வரும்படி ஒரு பூட்டு பெரும்பாலான ஓட்டோ கியர் கார்களில் உண்டு. சிறு பிள்ளைகள் காருக்குள் விளையாடி லீவரை இழுத்துவிடாமல் தடுப்பது இதன் பயன்களில் ஒன்று. அமெரிக்கா 2008இல் இயற்றிய சிறுவர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றின் மூலம் 2010 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. லீவர் அசையாவிட்டால், பிரேக் மிதிக்கும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்சில் அல்லது பியூஸில் கோளாறு இருக்கலாம். பலத்தைப் பிரயோகித்து லீவரை இழுத்தால் நல்ல கேபிளும் கெட்டுவிடும்.

மாதத்தில் ஐந்து நிமிடம்

இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. சமதரையில், முன்னும் பின்னும் எவரும் இல்லாத இடத்தில் காரை நிறுத்துங்கள். சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் கல் அல்லது மரக்கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, கால் பிரேக்கை மிதித்தபடி இருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ் போர்ட் விளக்குகள் எரியும் நிலைக்கு மட்டும் சாவியைத் திருப்பி, லீவரை ‘பி’யிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் பிடிப்பு உணரப்படுகிறதா? டேஷ் போர்டிலும் அதே எழுத்து வருகிறதா? ‘ஆர்’ வரும்போது பின்பக்க வெள்ளை விளக்கு எரிகிறதா? திரும்பி வரும்போதும் அப்படியேதானா? இவ்வளவுதான். ஏதேனும் ஒன்று பிசகினால் திகதியோடு குறித்துக்கொண்டு கராஜுக்குச் செல்லுங்கள்.

கராஜில் என்ன கேட்பது?

“கியர் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் கியர் பொக்ஸையே கழற்றும் பேச்சு வரலாம். அதற்கான செலவு எங்கே, ஒரு கேபிளுக்கான செலவு எங்கே! ஆகவே தெளிவாகப் பேசப் பழகுவோம். “பாஸ், லீவரும் டேஷ் போர்டும் ஒத்துவரவில்லை. முதலில் கேபிளின் இரு முனைகளையும் புஷ்ஷையும் பாருங்கள்” என்று கேளுங்கள். காரை உயர்த்தி சேர்விஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் பின்வருவனவற்றைப் பார்க்கச் சொல்வது நன்று.

வளையத்தில் வெடிப்போ தேய்மானமோ உண்டா? உறையைப் பிடித்திருக்கும் கிளிப் இடத்தில் இருக்கிறதா? தண்ணீர் புகாமல் தடுக்கும் இறப்பர் உறை கிழிந்துள்ளதா? உறையை எலி கடித்துள்ளதா? எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள் தளர்ந்துள்ளனவா? அவை தளர்ந்தால் எஞ்சினோடு கியர் பொக்ஸும் ஆடும். கேபிளின் அளவும் மாறும். எஞ்சினையோ கியர் பொக்ஸையோ இறக்கி ஏற்றிய பின்னர் கேபிளின் அளவைச் சரிபார்த்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

அளவு சரிசெய்வது ஓர் ஒழுங்கின்படி நடக்க வேண்டிய வேலை. உதாரணமாக, பல டொயோட்டா கார்களில் கியர் பொக்ஸின் கையையும் உள்ளே லீவரையும் ‘என்’இல் வைத்த பின்னரே நட்டை இறுக்க வேண்டும். வேறு சில கார்களுக்கு அந்த இடம் ‘பி’. காரின் தயாரிப்பாளர் சொன்ன முறையிலேயே செய்ய வேண்டும். வளையம் கழன்றுவிட்டால் கம்பியாலோ பிளாஸ்டிக் பட்டியாலோ கட்டி அனுப்பும் வழக்கம் உண்டு. அது கராஜ் வரை வந்து சேர்வதற்கான ஏற்பாடாக இருக்கலாம். பழுது பார்த்தல் ஆகாது. சில கார்களுக்கு வளையம் தனியாகக் கிடைக்கும், சிலவற்றுக்கு முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும். செசி இலக்கத்தைக் காட்டிப் பொருத்தமான உதிரிப்பாகத்தையே வாங்குங்கள்.

இறுகிய கேபிளுக்குள் ஒயில் ஊற்றச் சொல்வோரும் உளர். அநேகமான கேபிள்கள் உள்ளே வழுக்கும் பூச்சுடன் மூடப்பட்டே வருகின்றன. வெளியிலிருந்து ஊற்றும் ஒயில் தூசியைச் சேர்க்கும், சில வகை இறப்பரைக் கெடுக்கும். இறுகிவிட்ட கேபிளை மாற்றுவதே முறை.

எமது பக்கத்திலும் சில பழக்கங்கள் தேவை. லீவரின் மீது கையை ஊன்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். கைப்பையை அதில் மாட்டாதீர்கள். தேநீர்க் கோப்பையை லீவருக்கு அருகில் வைக்காதீர்கள்; சிந்தும் சீனித் தண்ணீர் உள்ளே இறங்கி ஒட்டிக்கொள்ளும். வெள்ளத்தில் ஓடிய காரைக் கட்டாயம் கராஜில் காட்டுங்கள்.

நிறுத்தும் ஒழுங்கு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். கார் முழுமையாக நின்ற பின், கால் பிரேக்கை மிதித்தபடியே லீவரை ‘என்’இல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கால் பிரேக்கை மெல்ல விட்டு, காரின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறதா என்று பாருங்கள். பின்னர் மீண்டும் கால் பிரேக்கை மிதித்து லீவரை ‘பி’க்குக் கொண்டு வாருங்கள். டேஷ் போர்டிலும் ‘பி’ தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் பாரம் முழுவதையும் அந்தச் சிறிய கொக்கி சுமக்காது. சரிவில் நிறுத்திய காரை மீண்டும் எடுக்கும்போது ‘டொக்’ என்ற பெருஞ்சத்தமும் வராது.

புறப்படும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கால் பிரேக், பின்னர் லீவர், இறுதியாகவே ஹேண்ட் பிரேக்கை விடுதல்.

ஓடிக்கொண்டிருக்கும்போது லீவர் கையோடு தளர்ந்து போனால் பதறாதீர்கள். கியர் பொக்ஸ் பெரும்பாலும் இருந்த கியரிலேயே இருக்கும். கால் பிரேக்கும் வழமைபோல் வேலை செய்யும். எஞ்சினை நிறுத்தாமல் ஓரமாகக் கொண்டு வந்து நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகளைப் போடுங்கள். கால் பிரேக்கை விடாமலே ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, எஞ்சினை நிறுத்துங்கள். கார் அசையாது என்று உறுதியான பின்னரே இறங்கி, சில்லுகளுக்குக் கல் வைத்து உதவிக்கு அழையுங்கள். எக்காரணம் கொண்டும் காருக்கு அடியில் புகாதீர்கள்.

“எங்களுடையது புதிய கார், கேபிளே இல்லை” என்று சில சகோதரிகள் சொல்லலாம். உண்மைதான். கேபிளுக்குப் பதிலாக மின்சாரச் செய்தி மூலம் கியர் மாறும் கார்களும் பல வந்துவிட்டன. ஆனால் 2016 ஜூன் 19ஆம் திகதி அமெரிக்க நடிகர் அன்டன் யெல்ச்சின், தனது வீட்டின் சரிவான வாசலில், தன் சொந்தக் கார் பின்னோக்கி உருண்டு நெரித்ததால் உயிரிழந்தார். அவருக்கு வயது 27. அது மின்சாரக் கியர் லீவர் கொண்ட ஜீப். கார் எந்தக் கியரில் நிற்கிறது என்பதில் சாரதிகள் ஏமாந்து போகக்கூடும் என்பதனால், அதே அமைப்புக் கொண்ட சுமார் 11 இலட்சம் வாகனங்களை அந்நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்னரே மீள அழைத்திருந்தது. கேபிளோ மின்சாரமோ, எழுத்தை மட்டும் நம்பி இறங்குவது எப்போதும் ஆபத்தே.

ஆகவே சகோதரிகளே, இன்றே உங்கள் காரில் அந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்து பாருங்கள். வீட்டில் கார் ஓட்டும் அனைவருக்கும், குறிப்பாக இப்போதுதான் அனுமதிப்பத்திரம் பெற்ற பிள்ளைகளுக்கு, நிறுத்தும் ஒழுங்கைச் சொல்லிக் கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுக்க ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியைச் சோம்பலுக்குக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு தூரம் ஹேண்ட் பிரேக்கை நம்பச் சொன்னோம். அது நம்பத்தகுந்த நிலையில் இருக்க வேண்டுமல்லவா? அடுத்த இதழில் அதன் பராமரிப்புப் பற்றி நோக்குவோம்.